பம்ப் ஸ்லீவுக்குக் குரோமியம் ஆக்சைடு பூச்சு: பேட்டைப் பட்டறைக் குறிப்புகள்

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றங்கரையில் ஓடும் ஒரு பம்பிலிருந்து கழற்றிய ஸ்லீவ், அதாவது பம்ப் தண்டின்மேல் மாட்டும் உறைக்குழாய், போன வாரம் பட்டறைக்கு வந்தது. நான் குரோமியம் ஆக்சைடு பூசிக் கொடுத்து, பிசானப் பருவம் முழுக்க ஓடிய ஸ்லீவ் அது. தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் உட்காரும் இடத்தில் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தேன். 59.98 மில்லிமீட்டருக்கு முடித்து அனுப்பியது இப்போது 59.96 காட்டுகிறது. நகத்தால் வருடினால் எங்கும் தட்டவில்லை. இதே பம்பில் வெறும் ஸ்டீல் ஸ்லீவ் போட்டிருந்தபோது பருவம் முடிவதற்குள் வளையம் வளையமாக அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழும். எத்தனை முறை பேக்கிங் மாற்றினாலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தப் பூச்சை ஏற்றும் முறைக்குப் பிளாஸ்மா ஸ்பிரே என்று பெயர்: மின்பொறியால் சூடேறிய வாயுச் சுவாலையில் பவுடரை உருக்கி உலோகத்தின்மேல் அடிப்பது. அப்படிச் சொன்னதும் இங்கே பலரும் மகேந்திரகிரியைத்தான் கேட்கிறார்கள். அங்கே இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள், அந்த வேலையா என்று. பம்ப் ஸ்லீவ் என்றால் முகம் விழுந்துவிடுகிறது. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் பம்ப் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் ஸ்லீவின் அருமை தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. வெள்ளம் வடிந்த பின்னும் நெடுநாள் பம்புகள் தண்ணீரோடு மணலையும் வண்டலையும் சேர்த்தே இழுத்தன. என்னிடம் ஸ்லீவ் வேலை வந்து குவிந்தது அதற்குப் பிறகுதான்.

கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் எண்ணில் குவார்ட்ஸ் மணல் ஏறத்தாழ 1,000. 410 என்கிற துருப்பிடிக்காத ஸ்டீலை வெப்பமேற்றிக் கடினப்படுத்தினாலும் 400-ஐ ஒட்டித்தான் நிற்கும். நன்றாக அமைந்த குரோமியம் ஆக்சைடு பூச்சு 1,200-ஐத் தாண்டும். கணக்கு இவ்வளவுதான். மீதியெல்லாம் கைவேலை.

சுவாலையை உமிழும் கன் (துப்பாக்கி) 3எம்பி வகையைச் சேர்ந்தது. ரெக்டிஃபையர், பவுடர் ஃபீடர், கன்ட்ரோல் பெட்டி எல்லாம் சேர்த்து, மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து பழையதாக வாங்கினேன். சுழற்றுவதற்குத் தனி இயந்திரம் வாங்கப் பணம் இல்லை. ஆறடி லேத்தையே ஒதுக்கிவிட்டேன். டூல் போஸ்டில் கன்னை மாட்டினால் போதும். மரை வெட்டும் கியரை 5 மில்லிமீட்டருக்கு வைத்து ஹாஃப் நட்டைப் போட்டால், ஸ்லீவ் ஒரு சுற்றுச் சுற்றும்போது கன் 5 மில்லிமீட்டர் நகரும். 60 மில்லிமீட்டர் ஸ்லீவுக்கு 350 ஆர்.பி.எம். சரியாக இருக்கிறது. லேத்தின் படுக்கையைத் தார்ப்பாலின் போட்டு மூடவேண்டும். மூடியும் தூசி போகிறது. அந்த லேத்தில் இனித் துல்லியமான வேலை எதுவும் செய்ய முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்கவேண்டும்.

500 ஆம்பியர், 65 வோல்ட் என்றால் கன்னுக்கு மட்டும் 32 கிலோவாட்டுக்கு மேல். சில்லர், எக்ஸாஸ்ட், கம்ப்ரசர் எல்லாம் சேர்த்தால் அதற்கு இருமடங்கை நெருங்குகிறது. மின் இணைப்பின் அனுமதித்த சுமையை உயர்த்திய பிறகே கன்னை மூட்டினேன். குளிரூட்டும் தண்ணீருக்கு போர் தண்ணீர் ஆகாது. நேர் மின்முனை, எதிர் மின்முனை இரண்டையும் அதே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. உப்பு இருந்தால் மின்சாரம் அதன் வழியே கசியும், செம்பு நாசிலின் உள்ளே படிவும் கட்டும். பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைத்தான் ஊற்றுகிறேன்.

முதலில் எடுத்தது அலுமினாவில் 13 சதவீதம் டைட்டானியா கலந்த பவுடர். விலை குறைவு, எளிதில் உருகும், கன்னைப் பழகிக்கொள்ளவும் நல்லது. ஸ்லீவை எஸ்.எஸ். 304 குழாயில் கடைந்தோம். பட்டறையில் மீந்து கிடந்தது அதுதான். ஸ்பிரே முடிந்ததும் பார்க்க மிக அழகாக இருந்தது. கிரைண்டிங்கில் ஏற்றியதும் ஓரத்திலிருந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது.

பெயர்ந்த சில்லைக் குப்பையில் போடாமல் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய கருவி அதுவே. பத்து ரூபாய் லென்ஸ் போதும். சில்லின் அடிப்பக்கம் வெறும் செராமிக்காக இருந்து, ஸ்லீவின் மேல், செராமிக்குக்கு அடியில் பிடிப்புக்காகப் பூசும் நிக்கல்-அலுமினிய பாண்ட் கோட் சாம்பல் நிறத்தில் அப்படியே ஒட்டியிருந்தால், பிளாஸ்டிங்கை, அதாவது காற்றால் கிரிட் துகளை அடித்து ஸ்டீலைச் சொரசொரப்பாக்கும் வேலையை, குறை சொல்ல முடியாது. சூட்டைச் சந்தேகிக்கவேண்டும். சில்லோடு பாண்ட் கோட்டும் சேர்ந்து வந்து, கீழே ஸ்டீல் தெரிந்தால் பிளாஸ்டிங் சரியில்லை. செராமிக்கே நடுவில் பிளந்திருந்தால் பவுடர் சரியாக உருகவில்லை, அல்லது பூச்சின் தடிமன் அதிகம்.

அன்றைக்குக் கிடைத்தது முதல் வகை. 304 ஸ்டீல் சூட்டில் விரியும் அளவு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு. அலுமினாவுக்கு 7, 8 தான். ஸ்பிரே செய்யும்போது ஸ்லீவ் நன்றாகச் சூடேறி விரிந்திருக்கிறது. ஆறியதும் ஸ்டீல் சுருங்க, செராமிக்கால் அந்த அளவுக்குச் சுருங்க முடியவில்லை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் 110 டிகிரி காட்டியதை நம்பியிருந்தோம். பளபளக்கும் உலோகத்தின் மேல் அது குறைத்துத்தான் காட்டும். இப்போது ஸ்லீவின் ஓரத்தில் டெம்பரேச்சர் கிரேயானால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். 150 டிகிரிக்கு உருகும் கிரேயான் உருகினால் உடனே கன்னை விலக்கி, இரு பக்கமும் காற்று அடித்து ஆறவிடவேண்டும்.

பிறகு 304-ஐ விட்டு 410-க்கு மாறினோம். அதன் விரிவு 10, 11 என்ற அளவில் செராமிக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. பவுடரையும் குரோமியம் ஆக்சைடுக்கு மாற்றினேன். அலுமினா-டைட்டானியா பூச்சின் கடினம் 1,000 விக்கர்ஸை எட்டுவதே அரிது. மணலோடு மல்லுக்கு நிற்க அது போதாது.

அடுத்த தொகுதி ஐப்பசியில் செய்தது. வெளியே மழை. இந்த முறை சில்லோடு பாண்ட் கோட்டும் சேர்ந்து வந்தது. கீழே தெரிந்த ஸ்டீலில் மிக மெல்லிய பழுப்பு நிறம். கம்ப்ரசர் குழாயின் முனையில் வெள்ளைத் தாளைப் பிடித்து அரை நிமிடம் காற்றை அடித்துப் பார்த்தோம். தாள் நனைந்து, நடுவில் எண்ணெய்ப் புள்ளியும் விழுந்தது. பிளாஸ்டிங் செய்யும் காற்றே தண்ணீரையும் எண்ணெயையும் தெளித்துக்கொண்டிருந்தால், சொரசொரப்பு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஆஃப்டர் கூலர், மாய்ஸ்ச்சர் செப்பரேட்டர், சிலிக்கா ஜெல் நிரப்பிய டிரையர் மூன்றையும் வரிசையாகப் போட்டதில் ₹23,000 ஆனது. கன்னுக்கு அடுத்தபடி நான் செலவழித்ததில் இதுதான் உருப்படியான பணம். தாள் சோதனையை இன்றும் ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் செய்கிறோம். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் வறுத்து மீண்டும் போடுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் வேலையே எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வெள்ளத்தண்ணீர் வந்து ஸ்லீவ் தேய்வதும் அந்த மாதங்களில்தானே. ஆகவே பிளாஸ்டிங் அறையிலிருந்து லேத்துக்கு உள்ள தூரத்தைக் குறைத்தேன். வறண்ட நாளில் இரண்டு மணி நேரம் வரை தாங்கும். மழை நாளில் பிளாஸ்டிங் முடிந்து அரை மணிக்குள் பாண்ட் கோட் ஏறிவிடவேண்டும். இடையில் ஸ்லீவை வெறுங்கையால் தொடக்கூடாது. லேத்தில் நிற்கும் தம்பிக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. ஆளுக்கு இரண்டு ஜோடிப் பருத்திக் கையுறை வாங்கிக் கொடுத்த பிறகுதான் வியர்வை ரேகை நின்றது.

இப்போது நாங்கள் செய்யும் முறை இது. ஸ்லீவின் வெளிவிட்டம் 60, உள்விட்டம் 48. சுவர் இதைவிட மெலிந்தால் பிளாஸ்டிங்கிலேயே கோணிவிடுகிறது. பூச்சு ஏற வேண்டிய 90 மில்லிமீட்டர் நீளத்தை 59.30-க்குக் குறைத்துக் கடைகிறோம். இரு முனையிலும் ஸ்டீலை வரம்பாக விட்டு, பள்ளத்தின் ஓரத்தை 30 டிகிரிக்குச் சரிக்கிறோம். செங்குத்தாக வெட்டினால் அந்த மூலையில் பவுடர் நிறையாமல் பொந்து விழுகிறது. பூச்சு கூர்மையான முனையில் முடிந்தால் முதல் தட்டிலேயே உடைகிறது. ஓரம் முழுக்க ஸ்டீல் வரம்புக்குள் அடங்கியிருக்கவேண்டும்.

24 மெஷ் பழுப்பு அலுமினா கிரிட், 4 பார் அழுத்தம், நாசிலிலிருந்து ஒரு சாண் தூரம். கிரிட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் விளிம்பு மழுங்கி மாவாகத் தொடங்கியதும் கழித்துவிடவேண்டும். கஞ்சத்தனம் பார்த்தால் மேற்பரப்பு சொரசொரப்பாவதற்குப் பதில் பளபளக்கத் தொடங்கும்.

மாண்ட்ரல் என்னும் நடுத்தண்டில் ஆறு ஸ்லீவை ஒன்றாகக் கோக்கிறோம். இடையிடையே ஒரு ஸ்பேசர் வளையம். அதன் விட்டம் ஸ்லீவைவிட 3 மில்லிமீட்டர் குறைவு. சம விட்டத்தில் ஸ்பேசர் போட்டால் இரண்டு ஸ்லீவுக்கும் நடுவே பூச்சு பாலம் கட்டிவிடும். பிரிக்கும்போது ஓரத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். இரு கடைசியிலும் பழைய வளையம் ஒன்று. கன் திரும்பும் இடம் அதன்மேல் வரவேண்டும்.

முதலில் பவுடர் விடாமல் சுவாலையை மட்டும் ஓட்டி ஸ்லீவை 100 டிகிரி வரை சூடேற்றுகிறோம். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரம் போகிறது. பிறகு பாண்ட் கோட், விட்டம் 59.50 ஆகும் வரை. பவுடர் குழாயை மாற்றிக் குரோமியம் ஆக்சைடு, விட்டம் 60.30 வரை. ஆர்கான் நிமிடத்துக்கு 45 லிட்டர். வோல்ட்டேஜ் 65-இல் நிற்கும்படி ஹைட்ரஜனைக் கூட்டிக் குறைக்கிறோம். கன்னுக்கும் ஸ்லீவுக்கும் 90 மில்லிமீட்டர். ஒரு நடைக்கு 7, 8 மைக்ரான் ஏறுகிறது. அவசரப்பட்டுப் பவுடரை அதிகம் விட்டால் தடிமன் விரைவில் வரும். உள்ளே உருகாத துகள் கிடக்கும்.

பவுடரை முந்தின இரவே 100 டிகிரி ஓவனில் வைத்துவிடவேண்டும். ஈரம் ஏறிய பவுடர் குழாயில் விட்டு விட்டு வரும். பூச்சில் அது மேடு பள்ளமாகத் தெரியும். இன்னொன்று, வோல்ட்டேஜ் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதே வாயு அளவில் வோல்ட்டேஜ் 3, 4 குறைந்தால் நாசில் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நாசிலில் இன்னும் ஒரு தொகுதி ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஓட்டினால் பூச்சில் நுண்துளைகள் பெருகும்.

அறைக்குள் நிற்பவர் வெல்டிங் கண்ணாடி, காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி, தூசி வடிகட்டும் நல்ல முகமூடி எல்லாம் போட்டாகவேண்டும். சத்தம் 120 டெசிபலைத் தாண்டும். பக்கத்துப் பட்டறைக்காரரிடம் நான் பேச்சு வாங்கியது இதற்காகத்தான். சத்தத்தைவிட தூசி மோசமானது. குரோமியம் ஆக்சைடை அந்தச் சூட்டில் அடிக்கும்போது ஆறு இணைதிற குரோமியமும் கொஞ்சம் உருவாகலாம். அது புற்றுநோயை உண்டாக்கும். எக்ஸாஸ்டும் பை வடிகட்டியும் இல்லாமல் இந்தப் பவுடரைத் தொடவே கூடாது. படியும் பச்சைத் தூசியைப் பெருக்கி வாய்க்காலில் கொட்டவும் கூடாது. டிரம்மில் அடைத்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கிறேன். ஹைட்ரஜன் சிலிண்டர் சுவருக்கு வெளியே நிற்கிறது.

ஆறியதும் சீலர். நீர்க்க இருக்கும் இரட்டைக் கலவை எபாக்ஸியை, ஸ்லீவ் 60, 70 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும்போது தூரிகையால் பூசினால் நுண்துளைக்குள் தானே இறங்கிவிடுகிறது. இதைக் கிரைண்டிங்குக்கு முன்பே செய்யவேண்டும். இல்லையென்றால் கூலன்ட் உள்ளே இறங்கி, பாண்ட் கோட்டைத் தாண்டி ஸ்டீலைத் துருப்பிடிக்க வைக்கும்.

கிரைண்டிங்கில் ஒரு தொகுதியை இழந்தோம். பச்சை சிலிக்கான் கார்பைடு சக்கரம் போதும் என்று பலர் சொன்னார்கள். அலுமினா-டைட்டானியாவுக்குப் போதும். குரோமியம் ஆக்சைடில் அது சீக்கிரம் மழுங்கி, வெட்டுவதற்குப் பதில் உரசத் தொடங்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெடிப்புக்குள் இறங்கும் சிவப்புச் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துத் துடைத்து டெவலப்பர் போட்டதும், வற்றிய குளத்து வண்டல் போல வலை வலையாக வெடிப்பு எழுந்தது. ரெசின் பாண்டு வைரச் சக்கரம், 150 மெஷ், ₹14,500-க்கு வாங்கினோம். நிறையத் தண்ணீர், ஒரு நடைக்கு 0.01 மில்லிமீட்டருக்கு மேல் இறக்குவதில்லை. விலையைப் பார்த்து மலைத்தேன். ஆனால் இத்தனை ஸ்லீவுக்குப் பிறகும் அது பெரிதாகத் தேயவில்லை. கடைசியில் வைரப் பேஸ்ட் தடவிய பட்டையால் மெருகேற்றினால் மேற்பரப்பின் சொரசொரப்பு (ஆர்.ஏ.) 0.3, 0.4 மைக்ரானுக்கு வருகிறது. பூச்சு கருங்கல் சிலை போல மின்னும் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆசை காட்டவேண்டியதில்லை; அடர் சாம்பல்தான்.

பூச்சு நன்றாக அமைந்தும் பொருத்துமிடத்தில் போனவை உண்டு. மில்லின் ஃபிட்டர் பழைய வழக்கப்படி சுத்தியலால் தட்டி ஏற்றியதில் ஒன்று ஓரம் உடைந்தது. "ஸ்டீல்தானே அண்ணாச்சி, இதற்கெல்லாம் உடையுமா?" என்று கேட்டார். மேலே இருப்பது பீங்கான் என்று சொன்னதும் மனிதர் அரண்டுவிட்டார். இப்போது ஒவ்வொரு ஸ்லீவோடும் ஒரு தாள் அனுப்புகிறேன்: சுத்தியல் கூடாது, புல்லர் போட்டுக் கழற்றவும், கிளாண்டை இறுக்கித் தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டாம், நிமிடத்துக்கு 40, 50 சொட்டு விழட்டும். செராமிக் சூட்டை எளிதில் கடத்தாது. சொட்டு நின்றால் பேக்கிங் கருகும், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பூச்சு வெடிக்கும்.

செலவைக் கேட்பவர்கள் பவுடர் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். கிலோ ₹5,000-ஐ ஒட்டி வாங்குகிறேன். ஒரு ஸ்லீவின் பரப்பு 170 சதுர சென்டிமீட்டர். அதில் தங்குவது 35 கிராம்கூட இல்லை. ஆனால் கன்னிலிருந்து வரும் பவுடரில் பாதிக்கு மேல் ஒட்டாமல் எக்ஸாஸ்டுக்குப் போகிறது, முனையில் வீணாவதையும் சேர்த்தால் 130 கிராம். அப்படியும் ₹650 தான். பணத்தைத் தின்பது தயாரிப்பு வேலை: வாயு, மூட்டி நிலைப்படுத்துவது, மாண்ட்ரல், கிரைண்டிங் நேரம். 7 கனமீட்டர் ஆர்கான் சிலிண்டர் இந்த ஓட்டத்தில் இரண்டரை மணி நேரம் வரும். ஒரு ஸ்லீவுக்காக மூட்டினாலும் ஆறுக்காக மூட்டினாலும் தொடக்கச் செலவு ஒன்றே. ஆறாகச் செய்தால் ஸ்டீல், கடைசல் உட்பட ஒன்றுக்கு ₹4,800 ஆகிறது. தனியாக ஒன்று என்றால் ₹11,000-க்குக் குறைந்து என்னால் முடியாது. வெறும் 410 ஸ்லீவ் ₹1,400-க்குக் கிடைக்கிறது. ஆகவே பம்ப் நின்றால் நட்டம் என்கிற இடத்துக்குத்தான் இது. வயலுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தொகுதியில் முனை வரம்பை 2 மில்லிமீட்டரிலிருந்து 4 ஆக்கப்போகிறேன். திரும்பி வந்த ஸ்லீவில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பக்க வரம்பு மட்டும் மணலில் அரித்திருக்கிறது, இன்னும் ஒரு பருவம் போனால் பூச்சின் ஓரம் வெளியே வந்துவிடும். மேல் பூச்சை 60.30-க்குப் பதில் 60.20-இல் நிறுத்தினாலும் கிரைண்டிங்குக்குப் போதும் என்று தெரிகிறது. வைரச் சக்கரத்தில் ஸ்லீவுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். லேத்தின் தார்ப்பாலினுக்குப் பதில் மடிப்புத் துருத்தி உறை தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒருவர் எண்ணெய் செக்கின் எக்ஸ்பெல்லர் வார்மை (வித்தை நசுக்கும் திருகை) தூக்கிக்கொண்டு வந்தார், இதற்கும் அதே பூச்சு வேண்டும் என்று. அங்கே தேய்மானத்தோடு அழுத்தமும் இடியும் சேர்ந்திருக்கிறது. கால் மில்லிமீட்டர் செராமிக் அதைத் தாங்காது. கடின உலோகத்தை ஏற்றும் ஹார்ட்ஃபேசிங் ராடால் வெல்டிங் செய்துகொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன்.